இமெல்டாவின் இருதயச் சட்டைகள்

அளவு நாடா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இமெல்டா அதைத் தொடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் என் விலாவின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் மரியாதையாக மூச்சை அடக்கி, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன்.

"விடுங்கோ ஐயா மூச்சை. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்காதேங்கோ. பிடிச்ச மூச்சுக்குத் தைச்சா, விட்ட உடன சட்டை வயித்தில வந்து நிக்கும்."

விட்டேன். "எகாய், தெகாய், துனாய்..." என்று சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு மூச்சு போனபிறகுதான் நாடா கழுத்திலிருந்து இறங்கியது.

தமிழில் செபம் செய்யும் ஒருவர் சிங்களத்தில் எண்ணுவது தொழிற்சாலைப் பழக்கம். நீச்சல் உடையும் பெண்களின் உள்ளாடையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய இரத்மலானைத் தொழிற்சாலை ஒன்றில், மாதிரி தைக்கும் பகுதியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் இமெல்டா சவுந்தரநாயகம். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் காகிதத்தில் கீறி அனுப்பும் உடுப்பை முதன்முதலில் துணியில் தைத்துப் பார்ப்பது அவருடைய வேலை. "அவையள் எலும்புக்கூட்டுக்குக் கீறி அனுப்புவினம். அதுக்குச் சதை வைக்கிறது நான்" என்பார். தொழிற்சாலை மூடப்பட்டபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோப்பார்.

இப்போது கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கு மேலேயுள்ள அறையில் இரண்டு தையல் இயந்திரங்களோடு இருக்கிறார். கீழே பாண் வேகும் சூடு தரை வழியாக ஏறி வரும். மின்விசிறி உண்டு, போடமாட்டார். மெல்லிய நூல் பறக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபோது சொன்னார்: "வேர்க்கட்டும், துடைக்காதேங்கோ. வேர்த்தாத்தான் என்ட சட்டை கதைக்கும்."

அவர் தைப்பது சாதாரணச் சட்டை அல்ல. நெஞ்சுப் பக்கத்தில் நான்கு இடங்களில், தபால்தலை அளவில், வெள்ளி பூசிய நூலால் நெருக்கமாகத் தைத்த சதுரங்கள் இருக்கும். அவை தோலைத் தொட்டுக்கொண்டிருந்து, வேர்வையின் ஈரம் வழியாக இருதயத்தின் துடிப்பை வாங்கும். அங்கிருந்து அதே நூலும் மெல்லிய கம்பிகளும் இடுப்பிலிருக்கும் ஒரு பெட்டிக்கு ஓடும். சவர்க்காரக் கட்டி அளவான பெட்டி. போட்டுக்கொண்டிருப்பவர் சமைத்தாலும் நடந்தாலும் தூங்கினாலும், மூன்று நாள் துடிப்பை அது ஒன்றுவிடாமல் பதிந்துவைக்கும். கொழும்பிலுள்ள ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சி இது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியை நடத்தும் டொக்டர் ஸாலிஹ் முப்பத்தைந்து வயதுக்காரர். நோயாளிகளின் நெஞ்சில் முன்பு ஒட்டி அனுப்பிய வில்லைகள் எங்கள் ஊர் வேர்வையில் அரை நாளில் கழன்றுவிடுகின்றன என்றுதான் அவர் துணியைத் தேடத் தொடங்கினார். நூலையும் பெட்டிகளையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்தது. தையல்காரரை அது கொடுக்கவில்லை. மூன்று பேர் தைத்துப் பார்த்தார்கள். முதல் நீண்ட மூச்சிலேயே நூல் அறுந்தது. நான்காவதாக, சென்ற வருடத் தொடக்கத்தில், யாரோ சொல்லி டொக்டர் இந்த மாடிக்கு ஏறி வந்தார்.

இமெல்டா அறுந்த சட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "நேர்த்தையல் போட்டா அறும்தானே டொக்டர். மனிசர் மூச்சு விடுறவை. பாம்பு போற மாதிரி வளைச்சு வளைச்சுத் தைக்க வேணும், அப்பதான் நூலும் சேர்ந்து இழுபடும்." அடுத்த கிழமை அவர் தைத்துக் கொடுத்த சட்டை மூன்று நாள் தாக்குப் பிடித்தது. பிறகுதான் அவர் நோயாளிகளின் பட்டியலைக் கேட்டார். முதல் பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

"பெண்டுகளுக்கு நெஞ்சில ஒண்டும் இல்லையோ?"

பெண்களுக்குச் சட்டை சரியாகப் பொருந்துவதில்லை, பதிவு கெட்டுவிடுகிறது என்று டொக்டர் தயங்கிச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் பெண்களின் உள்ளாடை தைத்தவரிடம் சொன்னார். ஒரு மாதத்தில் பெண்களுக்கு மூன்று அளவுகளில், முன்பக்கம் கொக்கி வைத்த சட்டைகள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. பட்டியலில் பெண்கள் பாதியானார்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். வீட்டில் யாராவது இருதய நோயால் இறந்திருப்பார்கள், எழுதுவதற்கு நல்ல காரணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். "வேலை" என்றார். "வேலை பிழைச்சா எனக்கு வயித்துக்க எரியும். வேற ஒண்டும் இல்லை."

இந்த வருடம் ஏப்ரலில் ஒரு புதன்கிழமை காலை, வெள்ளவத்தையிலுள்ள இரண்டு நோயாளிகளுக்கான சட்டைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பாதி வழியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். இமெல்டாவின் முறை வந்தபோது, சிப்பாய் பைக்குள் கைவிட்டுத் துணியை இழுத்தார். துணியோடு கம்பி வந்தது. கம்பியோடு பெட்டி வந்தது.

நெஞ்சில் கட்டும் சட்டை, கம்பி, பற்றரி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். அந்தச் சிப்பாயின் இடத்தில் நானே இருந்தாலும் கத்தியிருப்பேன். அவர் சட்டையைக் கைவிட்டுக் கத்தினார், இமெல்டா அதைப் பிடித்துக்கொண்டார். வீதி ஒரு நிமிடத்தில் வெறுமையானது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டு வந்த பெண்மணி மதகுக்குள் பாய்ந்ததை இமெல்டா பார்த்தார். பையும் சட்டையுமாக அவர் மட்டும் தார் வீதியில் நின்றார். "கீழே போடு" என்று நான்கு பக்கமிருந்தும் துப்பாக்கி நீட்டியவர்கள் சத்தமிட்டார்கள்.

அவர் போடவில்லை.

"போட்டாப் பெட்டி உடையும். அது வெளிநாட்டுப் பெட்டி, இஞ்ச வாங்கேலாது. உடைஞ்சா ரெண்டு பேருக்குச் சோதனை இல்லை." மெதுவாக, மிக மெதுவாக முழங்காலை மடக்கி, நோயாளியைக் கட்டிலில் இறக்குவதுபோல அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து கைகளைத் தூக்கினார்.

"பயமாயிருக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"பயம்தான். கால் ரெண்டும் நடுங்கினது. நடுங்கட்டும், அதுக்கு நான் என்ன செய்ய? வாய் நடுங்கேல்லை."

குண்டுப் பரிசோதகர்கள் வந்து சட்டைகளின் உள்துணியை பிளேட்டால் கிழித்துப் பார்த்தார்கள். இமெல்டாவைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு டொக்டர் ஸாலிஹ் மருத்துவமனைக் கடிதத்தோடு ஓடி வந்தார். பொறுப்பதிகாரி கடிதத்தைப் படித்தார், தொலைபேசியில் விசாரித்தார், நம்பினார். சட்டைகள் மட்டும் விசாரணை முடியும்வரை இங்கே இருக்கட்டும், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். வேறு எவருக்கும் முடிந்திருக்கும்.

இமெல்டாவுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டார். அதிகாரி வாசித்தார். தற்கொலை அங்கி 'வகே' பொருள் இரண்டு, என்று ஒரு வரி வந்தது. 'வகே' என்றால் 'போல'. தற்கொலை அங்கி போன்ற பொருள்.

"அந்த 'வகே'யை வெட்டுங்கோ மாத்தயா" என்றார் இமெல்டா.

அதிகாரிக்கு விளங்கவில்லை. போல என்றுதானே எழுதியிருக்கிறது, அங்கி என்று எழுதவில்லையே என்றார். அதற்கு அவர் சிங்களத்தில் சொன்ன பதிலை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: "நாளைக்கு வேற ஒரு ஆள் இந்தப் பேப்பரைப் பாப்பார். அவருக்கு டொக்டரைத் தெரியாது, என்னைத் தெரியாது. அந்தச் சொல்லைத்தான் பாப்பார். நான் தைச்சது சட்டை. சட்டை எண்டு எழுதுங்கோ."

டொக்டர் ஸாலிஹ் அவர் காதருகே குனிந்து மன்றாடினார். "அன்ட்டி, சைன் வச்சிட்டு வாங்க. ஒரு சொல்தானே? நாளைக்கு நான் பேசி மாத்தித் தாரேன்."

"நாளைக்கு நான் அப்பிடிச் சாமான் தைச்சவள் ஆயிடுவன் டொக்டர். இண்டைக்கு வரைக்கும் இல்லை. நீங்கள் போங்கோ. உங்களுக்கு வாட்டில ஆக்கள் இருப்பினம்."

போகலாம் என்று சொல்லப்பட்ட பெண், பொலிஸ் நிலைய வாங்கில் அடுத்த நாள் காலை பத்து மணிவரை உட்கார்ந்திருந்தார். கடமை மாறி வந்த பெண் பொலிஸ் ஒருவர் தேநீர் கொடுத்தார்; சீனி கூடிப்போயிற்று என்று அதையும் சொல்லிவிட்டுத்தான் குடித்தார். பத்து மணிக்கு வந்த மேலதிகாரி தாளைப் பார்த்தார், இமெல்டாவைப் பார்த்தார், பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினார். 'இருதய நோயாளர் அணியும் சட்டை இரண்டு' என்று மேலே எழுதி வாசித்தார். சுருக்கக் கையெழுத்துப் போதும் என்றார்கள். இமெல்டா சவுந்தரநாயகம் என்று தமிழில் முழுப் பெயரையும் ஓரெழுத்து விடாமல் எழுதிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து பதினான்கு மணித்தியாலம் தூங்கியதாகச் சொன்னார்.

உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. இரண்டு கிழமை கழித்து டொக்டர் ஸாலிஹ் மாடிக்கு வந்தார். கதிரையில் உட்காராமல், நின்றபடியே சொன்னார். ஆராய்ச்சிக் குழு கூடி முடிவெடுத்திருக்கிறது. பட்டியலிலிருக்கும் நாற்பது பேரில் பதினொரு பேர் தமிழர். இந்தச் சட்டையோடு அவர்கள் வெளியே போவது ஆபத்து. ஆகவே அவர்களுடைய பாதுகாப்புக்காக அவர்களை விலக்கிவிட்டு மற்றவர்களோடு தொடர்வது.

"என்ட முடிவு இல்ல அன்ட்டி. கமிட்டி சொல்லிட்டாங்க. நான் ஒன்டும் செய்ய ஏலாது."

இமெல்டா இயந்திரத்தை நிறுத்தினார். "அப்ப கடைசியில புத்தகத்தில என்ன எழுதுவீங்கள்? இந்த நாட்டில தமிழருக்கு நெஞ்சு வருத்தம் இல்லை எண்டோ?"

டொக்டர் வாசல் பக்கம் திரும்பினார்.

"பயம் அவையளுக்கு எண்டா அவையளைக் கேளுங்கோ. கேக்காம எப்பிடிப் பேரை வெட்டுறது? எனக்கு ஒரு கிழமை தாங்கோ."

அந்த ஒரு கிழமையில் அவர் தம்முடைய ஆகச் சிறந்த வேலையைத் தாமே பிரித்தார். அதுவரை அவருக்குப் பெருமை, சட்டையின் வெளியே ஒரு கம்பியும் தெரியாது என்பதுதான். எல்லாவற்றையும் இரண்டு துணிகளுக்கு நடுவே ஒளித்துத் தைத்திருந்தார். இப்போது உள்துணியைக் கழற்றி எறிந்தார். கம்பித் தடங்கள் எல்லாம் வெளியே வந்தன, அவற்றின்மேல் செம்மஞ்சள் நூலால் ஓரம் அடித்தார். பெட்டிக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் பை வைத்தார். "ஒளிச்சு வைச்சாத்தான் சந்தேகம். பாக்கிறவன் ஒரே பார்வையில எல்லாத்தையும் பாக்கட்டும்."

உள்ளே போடும் சட்டையை வெளியே போடும் சட்டையாகவும் மாற்றினார். ஆண்களுக்கு அரைக் கைச் சட்டை. பெண்களுக்குச் சேலைக்குப் போடும் சட்டையே இதுதான். "சேலைச் சட்டையை விட நெஞ்சோட ஒட்டின உடுப்பு உலகத்தில வேற என்ன இருக்கு? இது ஏன் எனக்கு முதலே ஓடேல்லை?" என்று தம்மையே ஏசிக்கொண்டார். இடது தோளுக்குக் கீழே மூன்று மொழிகளிலும் 'இருதயப் பரிசோதனை' என்று தைத்து, அதன் கீழ் மருத்துவமனையின் தொலைபேசி இலக்கத்தையும் போட்டார். மூன்று வரிகளின் எழுத்தும் ஒரே உயரம். அடிமட்டம் வைத்து அளந்து எனக்குக் காட்டினார்.

டொக்டர் ஸாலிஹ் அந்தச் சட்டையைக் குழுவின் மேசையில் விரித்துக் காட்டினார். நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் பெற்றால் தொடரலாம் என்று குழு இறங்கி வந்தது. ஆனால் யார் முதலில் போடுவது? பத்துப் பேர் மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. சென்ற வருடம் ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய நாளிலிருந்து, வெள்ளவத்தையில் கதவு தட்டும் சத்தத்துக்கே என் நெஞ்சு தாளம் தப்பும். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

ஓம் என்றவர் ஒருவர்தான். சரோஜினிதேவி ரீச்சர், அறுபத்தெட்டு வயது, கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சந்தையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தவர். மருத்துவமனையில் எத்தனை தடவை படுக்கவைத்துப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா என்ட நெஞ்சு நல்ல பிள்ளையா நடிக்குது" என்பார். இமெல்டா கொண்டுபோன சட்டையைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூன்று மொழியிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. போட்டுக்கொண்டார். சேலைத் தலைப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஒதுக்கியே விட்டார்.

இரண்டாம் நாள், காலி நகருக்குப் போகும் பிரதான வீதியில், சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். பெண் பொலிஸ் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கேள்வி கேட்டார். சட்டையிலிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். இணைப்புக் கிடைக்க நேரமாயிற்று. நோயாளிகள் ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று நேரத்தோடு குறிப்பு எழுத வேண்டும். ரீச்சரின் குறிப்பு இப்படி இருந்தது: '9.40 சோதனைச் சாவடி. நிற்க வைத்தார்கள். 10.05 போகச் சொன்னார்கள். 10.06 கண் இருண்டது. பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன்.'

பெட்டியின் பதிவை டொக்டர் ஸாலிஹ் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ஒன்பது நாற்பதிலிருந்து துடிப்பு ஒழுங்கில்லாமல் தலைதெறிக்க ஓடுகிறது. பத்து ஆறுக்கு ஓட்டம் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு நேர்கோடு. ஏறக்குறைய ஐந்து வினாடி ரீச்சரின் இருதயம் துடிக்கவேயில்லை.

ரீச்சரின் மயக்கத்துக்குக் காரணமாக மூன்று வருடமாகத் தேடியது அந்த ஐந்து வினாடிதான். இரண்டு கிழமைக்குள் ரீச்சரின் தோளெலும்புக்குக் கீழே துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்தார்கள். இப்போது சந்தைக்குத் தனியாகப் போகிறார், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார்.

அறிக்கையில் டொக்டர் அந்த நேரத்துக்கு எதிரே 'மன அழுத்தம்' என்று எழுதியிருந்தார். ரீச்சர் அதைக் கண்டுபிடித்தார். "நான் எழுதினது சோதனைச் சாவடி. மொழிபெயர்க்கிறதெண்டா ஒழுங்கா மொழிபெயருங்கோ டொக்டர்." டொக்டர் இமெல்டாவைப் பார்த்தார், ஆதரவு கிடைக்கும் என்று. இமெல்டா ரீச்சருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல் மாறியது.

இப்படியே எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது பொய். ரீச்சருக்கு அடுத்ததாகச் சம்மதித்தவர் ஒரு மருந்துக்கடை ஊழியர். அவரை அந்தச் சட்டைக்காகவே அரை நாள் பிடித்து வைத்திருந்தார்கள். மறுநாள் அவருடைய மனைவி மாடியேறி வந்து, இமெல்டாவின் முகத்துக்கு நேரே சட்டையை எறிந்தார். "உங்கட வீம்புக்கு என்ட மனிசன்தானா கிடைச்சார்?" இமெல்டா குனிந்தார். சட்டையை எடுத்து மடித்தார். அந்தப் பெண் அழுது முடியும்வரை நின்றார். அன்றிலிருந்து, புதிதாகச் சட்டை போடும் ஒவ்வொரு தமிழ் நோயாளியோடும் முதல் நாள் தாமே பஸ்ஸில் போகிறார். மாதிரிக்கு இன்னொரு சட்டையும் கடிதமும் எப்போதும் பையில் இருக்கும். யாரும் கேட்டுச் செய்வதல்ல.

பொலிஸ் நிலையத்தில் தங்கிவிட்ட இரண்டு சட்டைகளையும் அவர் விடவில்லை. திங்கட்கிழமை தோறும் போய், வாங்கில் இருந்து, விசாரணை முடிந்ததா என்று கேட்டு வந்தார். ஒக்டோபரில், தொல்லை தாங்காமல் கொடுத்துவிட்டார்கள். கிழிந்துபோன அவற்றை இனி யாருக்கும் போட முடியாது. ஏன் இத்தனை நடை என்றேன். "தைச்சவள் நான். எங்க கிடக்குது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

நான் செப்டம்பரில்தான் சம்மதித்தேன். ரீச்சர் சந்தையில் என்னைக் கண்டு, "என்ன யோகநாதன், இன்னும் யோசிக்கிறீரோ?" என்று கேட்ட வெட்கத்தில்தான் சம்மதித்தேன். அளவு கொடுத்தேன், அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். சட்டை வந்தபோது, முதல் நாள் தாமும் வருவதாக இமெல்டா சொன்னார். எனக்குக் காய்ச்சல், பிறகு போகலாம் என்று மறுத்துவிட்டு, மூன்று நாளும் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே போட்டிருந்தேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது குறிப்பு எழுதிய தாளை இமெல்டா வாங்கிப் படித்தார். 'தேநீர். பத்திரிகை. நித்திரை. தேநீர்.'

"இது உங்கட நெஞ்சு இல்லை ஐயா. உங்கட சாய்மனைக் கதிரையின்ட நெஞ்சு." தாளை மடித்து என் சட்டைப் பையில் திணித்தார். "திரும்பப் போடுவம். இந்த முறை நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

வந்தார். சென்ற கிழமை வியாழக்கிழமை காலை எட்டரைக்கு, வெள்ளவத்தையில் என் வாசலில் நின்றார். செம்மஞ்சள் தடங்களும் மூன்று மொழி எழுத்துகளுமாக நான் வீதியில் இறங்கினேன். அயலவர் ஒருவர் யன்னலைச் சாத்தியது கேட்டது. புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். யன்னல் பக்கம் என்னை இருத்தி, தாம் ஓரத்தில் இருந்தார். வழி முழுவதும் எலாஸ்டிக்கின் தரம் கெட்டுப்போனதைப் பற்றியே கதைத்தார். எனக்குக் காதில் விழுந்தது பாதிதான். மற்றப் பாதி நேரம் என் நெஞ்சு என்ன செய்தது என்பதைப் பெட்டி பதிந்திருக்கும்.

கோட்டைக்குக் கிட்டப் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். இளம் சிப்பாய் ஒருவர் என் நெஞ்சைப் பார்த்தார், எழுத்தைச் சிங்களத்தில் வாசித்தார், பிளாஸ்டிக் பையிலிருந்த பெட்டியை விரலால் தொடாமல் குனிந்து பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அவர் என் பின்னால் நின்ற இமெல்டாவைக் கண்டார். முகம் மலர்ந்தது. இந்தச் சில மாதங்களில் எத்தனையோ தடவை அதே பையைத் துழாவியவர் போலிருந்தது. சட்டைக்கார அம்மாவா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, என்னைப் பஸ்ஸில் ஏறச் சொன்னார். இமெல்டாவின் பையை அவர் பார்க்கவில்லை. "கமக் நே அம்மே, யன்ன" என்று கையை அசைத்தார். பரவாயில்லை, போங்கள்.

எனக்கு உயிர் வந்தது. பஸ் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இமெல்டா நகரவில்லை.

"பலன்ன" என்றார். பாருங்கள்.

சிப்பாய் சிரித்தார். தெரியும் அம்மா, போங்கள் என்றார்.

"இண்டைக்கு நான் என்ன கொண்டு போறன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டார் இமெல்டா. "நாளைக்கு இதோட வாற ஆளை உங்களுக்குத் தெரியாது. சட்டையைப் பாத்திட்டு விடுங்கோ."

சாரதி ஹோர்ன் அடித்தார். கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டினார். உள்ளேயிருந்து யாரோ அலுத்துக்கொண்டார்கள். இமெல்டா எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பையின் சிப்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துத் திறந்தார். இரண்டு கைகளாலும் வாயை அகல விரித்து, சிப்பாயின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். சிரிப்பு அடங்கி, அந்த இளைஞர் குனிந்து, உள்ளேயிருந்த சட்டையை முழுவதுமாகப் பார்த்து முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.